ஐந்து வரிக்குள் ஒரு தீர்ப்பு

நான் எழுதி முதன்முதலில் அச்சில் வந்தது கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஒரு தீர்ப்பின் தலையில் போடும் ஐந்து வரிக் குறிப்பு. அதில் என் பெயர் கிடையாது. அந்த ஐந்து வரி என் அத்தையை அவள் வீட்டை விட்டு வெளியே அனுப்பியது. இதைச் சொல்லும்போதெல்லாம், "நீ என்ன செய்வாய், சம்பளமில்லாமல் வேலை பழகிக்கொண்டிருந்த பிள்ளை" என்று யாராவது சமாதானம் சொல்ல வருகிறார்கள். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.ஏ. தேறியவன். என்ன எழுதுகிறேன் என்று தெரிந்துதான் எழுதினேன்.

இருபதுகளின் நடுவில் ரங்கூனுக்குக் கப்பலேறினேன். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அங்கே ஓர் அரிசி ஆலையில் எடைக் குமாஸ்தா. க்யிம்யிண்டைங்கில் ஆற்றை ஒட்டித் தேக்குக் கால்களின்மேல் நின்ற பலகை வீடு அவருடையது. அவர் மனைவி பர்மாக்காரி. க்யிம்யிண்டைங் சந்தையில் காய்ந்த இறாலும் ஙாப்பியும் விற்றாள். ஙாப்பி என்பது மீனை உப்பில் ஊறவைத்து இடித்த விழுது. அதன் வாசனைக்கு முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது வாரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமா அவளுக்கு அம்மன் கோவிலில் தாலி கட்டியவர். மறுநாள் அவள் வழக்கப்படி பிக்குகளை அழைத்து அன்னமிட்டிருக்கிறார்கள். நான் போனபோது அதெல்லாம் நடந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. தாலியைப் பர்மியச் சட்டைக்குள் போட்டிருப்பாள், வெளியே தெரியாது. வீடு கட்டத் தேக்கு வாங்கியபோது அவள் வளையல்கள் எல்லாம் போயின என்று மாமாவே சொல்லியிருக்கிறார். ஆனால் பத்திரம் மாமா பெயரில். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

உறவுமுறையெல்லாம் மாமாவிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான் கப்பலிலிருந்து இறங்கி வாசலில் நின்றதும், "வா மருமவனே, தமின் சா பீபீலா? சோறு தின்னாச்சா?" என்றாள். அன்றிலிருந்து நான் மருமவன், அவள் அத்தை. இதை ஊருக்கு எழுதினேன். அம்மாவிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "அவளை அத்தை என்று எழுதாதே." அம்மா சொன்னபடி எழுதுவதை நிறுத்தினேன், கூப்பிடுவதை நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் நல்லபிள்ளையாக இருக்கும் சாமர்த்தியம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

வேலை கிடைத்த இடம் லத்தாவில், சீனர் தெருவில், ஒரு மாடி. கீழே சீனன் ஒருவன் காலையிலிருந்து தகரப் பெட்டி அடிப்பான். மேலே நாங்கள் சட்டம் அச்சடித்தோம். பெரிய கோர்ட்டில் நாளும் எத்தனையோ தீர்ப்புகள் வரும். பர்மியர், தமிழர், சூரத்துக்காரர், சீனர், ஆர்மீனியர் என்று எல்லாத் தேசத்து ஜனங்களும் அங்கே சண்டைக்கு நிற்பார்கள். பௌத்தனுக்குப் பௌத்தச் சட்டம், இந்துவுக்கு இந்துச் சட்டம், முஸ்லிமுக்கு அவர்கள் சட்டம். அந்தத் தீர்ப்புகளில் முக்கியமானவற்றைப் பொறுக்கி மாதாமாதம் ஒரு சஞ்சிகையாகப் போடுவது எங்கள் தொழில். மாந்தளை வரைக்கும் வக்கீல்கள் வாங்கினார்கள். எங்கள் சஞ்சிகையில் வராத தீர்ப்பு அவர்களுக்கு நடக்காத தீர்ப்பு.

ஆசிரியர் ஒரு பாரிஸ்டர். கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வராததால் சஞ்சிகை நடத்தினார். என்னைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டு, "இது படிப்பு, தம்பி. படிப்புக்கு யாராவது காசு கேப்பாங்களா?" என்றார். நல்லவேளை, நான் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

வேலையின் பெரும்பகுதி உரக்கப் படிப்பது. நான் மூலத்தைப் படிக்க, அவர் புரூஃபைப் பார்ப்பார். வார்த்தை மட்டுமல்ல, கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். தகரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். அவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து பழக்கத்தில் மாமாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தைக்கூடக் கமா, புள்ளி சொல்லிப் படித்தேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க கோர்ட்டுல மூச்சு வுடறதுக்கும் சட்டமா மருமவனே?"

தீர்ப்பு என்றால் பதினைந்து பக்கம் இருக்கும், முப்பது பக்கமும் இருக்கும். அதன் சாரத்தைச் சுருக்கி மேலே போடுவதுதான் தலைக்குறிப்பு. ஆசிரியரின் விதி ஐந்து வரி. "அஞ்சு வரிக்கு மேல போனா எந்த வக்கீலும் படிக்க மாட்டான். அதுக்குக் கீழ இருக்குற தீர்ப்பப் படிக்கிறவனுக்குக் கேசு வராது" என்பார். இதை அவர் அனுபவத்தில் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வழக்கம் உண்டு. ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் எட்டுப் பக்கம் ஒரு பாரம். தீர்ப்பு எட்டாம் பக்கத்தைத் தாண்டி ஒன்பதில் பத்து வரி போய்விட்டால், அந்தப் பத்து வரிக்காக இன்னொரு பாரம் ஓட்ட முடியாது. அப்போது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று நீதிபதி விவரிக்கும் பகுதியில் கை வைப்போம். வெட்டிய இடத்தில், 'வழக்கின் விவரங்களைக் கூறியபின் நீதிபதி தொடர்கிறார்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. சட்டத்தைத்தான் வெட்டக் கூடாது. மனிதர்களை வெட்டலாம்.

ஒரு வருஷம் இப்படிப் படித்தும் வெட்டியும் போனபின், ஆசிரியர் ஒரு தீர்ப்பை என் முன்னால் போட்டார். "இதுக்கு நீயே தலைக்குறிப்பு எழுது. நல்லா வந்தா உன்னை உதவியாளனா எடுத்துக்கறேன், சம்பளத்தோட" என்றார்.

வெளியூரில் கடை வைத்திருந்த ஒரு தமிழர் இறந்துபோனார். அவரோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய பர்மியப் பெண், மனைவி என்ற முறையில் சொத்துக் கேட்டாள். அவருடைய சாதியின் சட்டப்படி அது கல்யாணம் ஆகாது, அவள் மனைவி இல்லை என்று தீர்ப்பு. இவ்வளவுதான் சட்டம். ஆனால் அந்த நீதிபதி அவசரக்காரர் அல்ல. நடந்ததை விவரிக்கும் பகுதியின் நடுவில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். இங்கே குடியேறிய அந்தச் சாதியாரிடையே இப்படிப்பட்ட கல்யாணத்தை ஏற்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது என்று யாராவது சாட்சி வைத்து நிரூபித்தால் முடிவு வேறாக இருக்கலாம், இந்த வழக்கில் அப்படிச் சாட்சி எதுவும் வைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாள் போடாமல் விட்டிருந்தார்.

நான் முதலில் ஏழு வரி எழுதினேன். அந்தக் கடைசி விஷயமும் அதில் இருந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றார். எதை எடுப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'சாட்சி வைக்கப்படாத நிலையில்' என்ற வார்த்தைகளை எடுத்துப் பார்த்தேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது. இந்து ஒருவனுக்கும் பர்மிய பௌத்தப் பெண்ணுக்கும் செல்லத்தக்க திருமணம் நடக்க இயலாது. சட்டப் புத்தகத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்புறம் பாரம் பதினோரு வரி மீறியது. விவரப் பகுதியில் வெட்ட வேண்டும். நீதிபதியின் அந்த வாக்கியம் அங்கேதான் இருந்தது. அதை விட்டுவிட்டு மேலே உள்ள கடைச் சரக்கு விவரங்களை வெட்டியிருக்கலாம். ஆனால் தலைக்குறிப்பில் இல்லாதது உள்ளே இருந்தால் குறிப்பு தப்பு என்று ஆகிவிடும். என் வாக்கியத்தைக் காப்பாற்ற நீதிபதியின் வாக்கியத்தை வெட்டினேன்.

அத்தையை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். மாமா கல்லுப்போல இருக்கிறார், இது யாரோ ஒருத்தியின் வழக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் குறிப்பைப் படித்து, "கச்சிதம்" என்றார். ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை அது. சம்பளம் மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போனது.

அச்சான சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று மாமா கேட்டார். சொத்து வழக்கு என்று மழுப்பினேன். அத்தை அதை வாங்கிக்கொண்டு மறுநாள் சந்தைக்குப் போய், பக்கத்துக் கடைக்காரிகளுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறாள். என் மருமவன் எழுதினது என்று. இறால் வாசனையோடு சஞ்சிகை திரும்பி வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மாமா காய்ச்சலில் படுத்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். நான்தான் கொள்ளி வைத்தேன். ஒரு மாதம் கழித்து அவருடைய தம்பி, என் சின்ன மாமா, கப்பலில் வந்து இறங்கினார். அதே வீட்டில் தங்கி, அத்தை சமைத்ததைச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வீடு தனக்கு வரவேண்டியது என்றார்.

"அத்தை இருக்காங்களே மாமா" என்றேன்.

"எந்த அத்தை? அண்ணனுக்குக் கல்யாணமே ஆவலடா. ஊர்ல யாரு பத்திரிகை வச்சா, யாரு மொய் எழுதினா? அவ வச்சிருந்த பொம்பள. வீடு நம்ம கைக்கு வந்தா உனக்கும் ஒரு அறை உண்டு. நீ சும்மா இரு."

அத்தை அடுப்படியில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியாதது போலத்தான் அவர் எப்போதும் பேசுவார். அவள் எல்லாம் கேட்டுக்கொண்டு, அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

வழக்கு நகரத்துச் சின்னக் கோர்ட்டுக்குப் போனது. அத்தைக்குக் கிடைத்தவர் ஒரு பர்மிய வக்கீல். வயதானவர், பெரிய பெயர் இல்லாதவர், ஆனால் உழைப்பாளி. அவர் ஒன்பது சாட்சிகளைத் திரட்டிவிட்டார். தாலி கட்டும்போது மந்திரம் சொன்ன பூசாரி, ஆலையில் மாமாவோடு வேலை பார்த்த நாலு தமிழர்கள், அவர்களில் மூன்று பேருக்கு வீட்டில் பர்மிய மனைவிகள், கோவில் தர்மகர்த்தா, அண்டை வீட்டுக்காரர்கள். எங்கள் ஜனங்கள் இந்தக் கல்யாணத்தை ஏற்று, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, குழந்தைகளுக்குக் காது குத்தினார்கள் என்று சொல்லத் தயாராக இருந்தார்கள். அந்த நீதிபதி தாழ்ப்பாள் போடாமல் விட்ட கதவு எதற்கோ, அதற்கே வந்து நின்றார்கள்.

விசாரணை நாளன்று ஒன்பது பேரும் வெளுத்த வேட்டியும் லுங்கியுமாகக் கோர்ட்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தாள். உள்ளே சின்ன மாமாவின் வக்கீல் எங்கள் சஞ்சிகையைப் பிரித்தார். ஐந்து வரியைப் படித்தார். எனக்கு அதில் கமா எங்கே வரும் என்று தெரியும். அங்கே அவர் மூச்சு விட்டார்.

நீதிபதி சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியாது. "அப்படித் திருமணமே நடக்க இயலாது என்று பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டால், நடந்ததாகச் சாட்சி சொல்ல என்ன இருக்கிறது?" என்றார். மாறாகத் தீர்ப்பு ஏதாவது இருந்தால் காட்டும்படி அத்தையின் வக்கீலுக்கு ஒரு வாரம் கொடுத்தார். சாட்சிகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பூசாரி வராந்தாவில் நின்று, "என்னை ஒண்ணுமே கேக்கலியே" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த வக்கீல் லத்தா மாடிப்படியேறி என்னைத் தேடி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. "அச்சில் விவரங்களை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டிய இடத்தில் எனக்கு உதவுகிற மாதிரி ஏதாவது உண்டா? பெரிய கோர்ட்டில் மனுப் போட்டு முழு நகல் வாங்க எனக்கு ஒரு மாதம் ஆகும். நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும், நம்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தட்டச்சு செய்த முழுத் தீர்ப்பு எனக்குப் பின்னால் அலமாரியில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு ஆசிரியரிடம் போனேன். அடுத்த இதழில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாமா என்று கேட்டேன்.

"பக்க எண் தப்பா விழுந்தா திருத்தம் போடலாம். தலைக்குறிப்பே தப்புன்னு போட்டா, இன்னும் எதையெல்லாம் வெட்டினீங்கன்னு மாந்தளைலேர்ந்து கேப்பான். சஞ்சிகைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த மாசம் உனக்குச் சம்பளம் ஆரம்பம்னு வச்சிருக்கேன். வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றேன்.

மறுநாள் வக்கீல் வந்தார். முழுத் தீர்ப்பும் அதையேதான் சொல்கிறது, உங்களுக்கு உதவும்படி உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே சீனன் தகரம் அடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வேலையில் ஒன்பது வருஷம் இருந்தேன். பிறகு ஆசிரியரின் நாற்காலியிலும் கொஞ்ச காலம் உட்கார்ந்தேன். என் ஐந்து வரியை எத்தனையோ வக்கீல்கள் எத்தனையோ ஊர்களில் படித்தார்கள். ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் வெற்றிலையோடு யாரோ காத்திருந்திருப்பார்கள். அத்தை ஆற்றைத் தாண்டி டாலாவில் ஒரு கீற்றுக் குடிசைக்குப் போனாள். சந்தைக்கு அங்கிருந்து சம்பான் படகில் வந்துபோனாள் என்று கேள்விப்பட்டேன். சின்ன மாமா வீட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். எனக்குச் சொன்ன அறையும் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த நாட்களில் நான் அப்படிப்பட்டவன்தான்.

தீர்ப்பு வந்த நாளை மட்டும் என்னால் எதைக் கொண்டும் மூட முடியவில்லை. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். சின்ன மாமா சந்தோஷத்தில் வெளியே போய்விட்டார். அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். வக்கீலிடமிருந்து அந்தச் சஞ்சிகையை வாங்கி வந்திருந்தாள்.

"மருமவனே, கோர்ட்டுல என்னமோ படிச்சாங்களே, அத எனக்குப் படிச்சு அர்த்தம் சொல்லு."

படித்தேன். தமிழில் சொன்னேன். போதாதென்று எனக்குத் தெரிந்த பர்மியத்திலும் சொன்னேன். மனைவி என்ற வார்த்தைக்கு அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்ற வார்த்தைக்கும் ஆட்டினாள்.

"இத யாரு எழுதினது?"

இதே புத்தகத்தைத்தான் அவள் என் மருமவன் எழுதினது என்று சந்தையில் காட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எல்லா இதழுக்கும் ஒரே அட்டை. அது வேறு, இது வேறு என்று நினைத்திருந்தாள்.

"பெரிய கோர்ட்டு நீதிபதி" என்றேன்.

அந்தப் பக்கத்தின்மேல் விரலை வைத்தாள். கோபம் எதுவும் அவள் குரலில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அந்த துரை நம்ம வூட்டுக்கு ஒரு நாள்கூட வந்ததில்லியே. நான் பொண்டாட்டி இல்லேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது அத்தை" என்றேன்.

"அதான்" என்று எழுந்தாள். காலையிலிருந்து நான் ஒன்றும் தின்னவில்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது. தட்டை வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.